சாய ஆலைகள் சேர்ந்து ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தை ஒழுங்காக நடத்துவது எப்படி

திருப்பூரில் பக்கத்து சாய ஆலைக்காரர் தொழிலில் போட்டியாளர். கழிவுநீரில் கூட்டாளி. இருவருடைய சாயத் தண்ணீரும் ஒரே குழாயில் சேர்ந்து ஒரே பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2011 ஜனவரி 28-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளையும் பொது நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் உப்பும் சாயமும் தேங்கிப் பாசனமே கெட்டுப்போன பிறகு வந்த உத்தரவு அது. கழிவுநீர் ஒரு துளியும் வெளியே போகாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறை இல்லாமல் அதன்பின் யாரும் ஆலையைத் திறக்க முடியவில்லை.

இந்தக் கையேடு புதிதாகக் கூட்டு நிலையம் அமைக்கப்போகிறவர்களுக்கும், இருக்கிற நிலையம் நஷ்டத்தில் ஓடுகிறதே என்று தவிக்கிறவர்களுக்கும். பெரும்பாலான நிலையங்கள் இயந்திரக் கோளாறால் தடுமாறுவதில்லை. ஒவ்வொரு ஆலையின் டிரெயின் குழியில் என்ன விழுகிறது என்பதில் கட்டுப்பாடு இல்லாததால்தான் தடுமாறுகின்றன. எனவே கீழே ஆர்.ஓ. (மெம்பிரேன் எனும் மென்படலத்தின் வழியே அழுத்தித் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் முறை) பற்றியதைவிட ஆலைத் தளத்தைப் பற்றியது அதிகம்.

கான்கிரீட் போடும் முன்பு கையெழுத்து

உறுப்பினர்கள் பங்குதாரர்களாக இருக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிதான் நடைமுறையில் நிற்கிற அமைப்பு. பங்கு, அனுமதிக்கப்பட்ட கழிவுநீர் அளவின் விகிதத்தில் இருக்கட்டும். நாளொன்றுக்கு 100 கிலோ லிட்டர் அனுமதி உள்ளவர், 50 கிலோ லிட்டர் உள்ளவரைப்போல் இரண்டு மடங்கு பங்கு எடுக்க வேண்டும். பங்கு மட்டும் போதாது. எல்லாரும் எந்த உப்பு வாங்குவது, எந்தெந்த ரசாயனம் உள்ளே வரக்கூடாது, கட்டணம் எப்படிக் கணக்கிடுவது, மீறுகிற ஆலையின் கழிவுநீர் வால்வை யார் மூடுவது என்ற நான்கும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கடைசி விஷயத்தில் தயவுதாட்சண்யம் வேண்டாம். வால்வின் சாவி நிலைய மேலாளரிடம் இருக்கட்டும், இயக்குநர்களிடம் அல்ல. இயக்குநர்களும் ஆலை முதலாளிகளே. தன் சொந்தக்காரர் ஆலையின் வால்வை மூட யாருக்கும் மனம் வராது.

ஒவ்வொரு உறுப்பினர் வெளியேற்றுக் குழாயிலும் தண்ணீர் அளவைக் காட்டும் மின்காந்த ஃப்ளோ மீட்டரும் உப்பின் அளவைக் காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டரும் பொருத்த வேண்டும். உள்ளே வரும் தண்ணீருக்கும் மீட்டர் வேண்டும்: போர்வெல், லாரித் தண்ணீர், நிலையத்திலிருந்து திரும்பும் ஆர்.ஓ. தண்ணீர், பிரைன் (உப்புக் கரைசல்) என ஒவ்வொன்றுக்கும் தனியாக. மாதம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழிந்து எடுத்த துணி தன் எடையில் 60 முதல் 70 சதவீதம் ஈரத்தோடு உலர்த்தியில் ஏறுகிறது. பாய்லரில் கொஞ்சம் போகிறது. இவையெல்லாம் சேர்ந்தாலும் பெரிய அளவு வராது. உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் 10 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், எங்கே போனது என்று நேரில் போய்க் கேட்க வேண்டும்.

மழைநீர் வடிகாலைக் கழிவுநீர்க் குழியோடு சேர்க்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீர் குழிக்குள் இறங்கினால், ஒரே இரவில் நிலையத்தின் சமன்படுத்தும் தொட்டி நிரம்பிவிடும். மறுநாள் எல்லா உறுப்பினரும் ஆலையை நிறுத்த வேண்டியதுதான்.

எல்லாருக்கும் ஒரே உப்பு

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு தவிர்க்க முடியாதது. வெளிர் ஷேடுக்கு லிட்டருக்கு 20 முதல் 40 கிராம். கருப்பு, நேவி போன்ற டார்க் ஷேடுக்கு 60 முதல் 100 கிராம். சாதாரண உப்பாகவும் இருக்கலாம், சோடியம் சல்பேட் எனும் கிளாபர் உப்பாகவும் இருக்கலாம். சாயத்துக்கு இரண்டும் சரி. சுத்திகரிப்புக்கு ஒன்றுதான் சரி.

சில உறுப்பினர் குளோரைடும் சிலர் சல்பேட்டும் போட்டால், ஆவியாக்கியின் (தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் இயந்திரத்தின்) கடைசியில் கிடைப்பது இரண்டும் கலந்த உப்பு. அதை எந்த ஆலையும் வாங்காது. மூட்டை மூட்டையாக நிலையத்தின் கொட்டகையில் அடுக்கி வைக்க வேண்டியதுதான். எல்லாரும் சல்பேட்டுக்கு மாறினால் நிலைமை வேறு. சோடியம் சல்பேட்டின் கரைதிறன் 32 டிகிரிக்கு மேல் உச்சத்தில் இருக்கும், குளிரக் குளிரச் சரசரவென்று குறையும். செறிந்த கரைசலை 5 முதல் 10 டிகிரிக்குக் குளிர்வித்தாலே தூய படிகமாகப் பிரிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகை அரிப்பதிலும் குளோரைடைப்போல் மோசமில்லை.

எல்லாரும் சல்பேட் வாங்குகிறார்கள், ஆனாலும் குளோரைடு ஏறுகிறது என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, ஆலையின் சாஃப்ட்னர். கடினத் தண்ணீரை மென்மையாக்கும் ரெசினைச் சாதாரண உப்புக் கரைசலால்தான் புதுப்பிக்கிறார்கள். அந்தக் கழுவல் நேராகக் குழிக்கு வருகிறது. நிலையத்திலிருந்து திரும்பும் ஆர்.ஓ. தண்ணீரை முழுதாகப் பயன்படுத்தினால் சாஃப்ட்னரின் தேவையே குறையும். இரண்டு, காரத்தன்மையைச் சரிசெய்ய ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதற்குப் பதில் கந்தக அமிலம் பயன்படுத்துங்கள். நிலையத்துக்குள்ளும் இதே விதிதான். விலை சற்று மலிவு என்று ஹைட்ரோகுளோரிக் டேங்கர் இறக்கிய நிலையங்கள் பிறகு கலப்பு உப்பைக் காவல் காக்கின்றன.

சல்பேட்டுக்கு மாறும்போது புதிதாக ஒரு தொல்லை வரும்: கால்சியம். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் ஜிப்சம். அது மெம்பிரேனிலும் ஆவியாக்கிக் குழாயிலும் கல்லாகப் படியும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறம் நீக்கும் பழைய வழியை விட்டுவிட இது ஒன்றே போதுமான காரணம். அந்த வழியில் மலைபோல் சேறு சேர்வது தனி.

சாய பாத்தைத் தனியாகப் பிடியுங்கள்

முழு விஷயத்திலும் பலன் அதிகம் தருவது இதுதான், செலவும் குறைவு. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 100 கிலோ துணி, 1:6 விகிதம் (கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர்), 600 லிட்டர் பாத் (சாயமும் உப்பும் கலந்த தண்ணீர்), லிட்டருக்கு 80 கிராம் உப்பு. மொத்தம் 48 கிலோ உப்பு. வடிக்கும்போது 600 லிட்டரும் வெளியே வராது. பின்னலாடைத் துணி தன் எடையைப்போல் இரண்டரை மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 350 லிட்டர் வடியும். அதில் 28 கிலோ உப்பு. மீதி 20 கிலோ துணியில் நிற்கும் 250 லிட்டரில். முதல் கழுவலுக்கு 350 லிட்டர் புதுத் தண்ணீர் விட்டால் செறிவு லிட்டருக்கு 33 கிராம் ஆகும். வடிக்கும்போது இன்னும் ஏறத்தாழ 11.5 கிலோ வெளியேறும். ஆக முதல் இரண்டு வடிப்பில், வெறும் 700 லிட்டரில், மொத்த உப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. அதன் பிறகு சோப்பிங், கழுவல் என்று ஓடும் ஆயிரக்கணக்கான லிட்டரில் மிச்சமிருக்கும் 8 கிலோதான்.

இந்த 700 லிட்டரை மற்றதோடு கலந்துவிட்டு, பிறகு லட்சக்கணக்கான ரூபாய் மெம்பிரேன் போட்டு மறுபடி பிரிப்பது வீண்வேலை. ஒவ்வொரு மெஷின் அடியிலும் இரண்டு வடிகால் வையுங்கள். ஒன்று உப்பு மிகுந்த வடிப்புக்கு, மற்றது கழுவல் தண்ணீருக்கு. மெஷினின் கண்ட்ரோலரிலேயே வால்வு மாறும்படி நிரல் எழுதிவிடுவது நல்லது. ஆள் கையால் திருப்புவதாக இருந்தால் இரவு ஷிஃப்டில் திருப்பமாட்டார்கள். கழுவல் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள மொத்த உப்பின் அளவு) தொடர்ந்து அதிகமாக வருகிறதென்றால், எந்த மெஷினில் வால்வு மாறவில்லை என்பதை இரவு 2 மணிக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்.

பிரித்துப் பிடித்த பாத் தனிக்குழாயில் நிலையத்துக்குப் போகும். அங்கே நிறமும் கடினத்தன்மையும் நீக்கி, பிரைனாக ஆலைக்கே திருப்பி அனுப்பலாம். ஆவியாக்கிக்கு அது போகவே தேவையில்லை. இரண்டாவது குழாய்க்கு இடமில்லாத பழைய தெருக்களில், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் பாத்தைத் திறந்துவிடும் முறை ஓரளவு கைகொடுக்கும். அதற்கு ஆலையில் ஒரு நாள் பாத்தைத் தாங்கும் தொட்டி வேண்டும்.

குழிக்குள் வரக்கூடாதவை

சோடியம் சிலிகேட் முதல் எதிரி. பெராக்சைடு பிளீச்சிங்கில் நிலைநிறுத்தியாக மலிவாகக் கிடைப்பதால் போடுவார்கள். சிலிகா தண்ணீரில் லிட்டருக்கு 120 மில்லிகிராமைத் தாண்டினால் படியத் தொடங்கும். ஆர்.ஓ.வில் தண்ணீர் ஏழு மடங்கு செறிகிறது என்றால், உள்ளே வரும்போதே 20 மில்லிகிராம்கூட ஆபத்தான எல்லையைத் தொடும். படிந்த சிலிகாவை அமிலம் கழுவாது. ஒரு ஆலை மிச்சப்படுத்திய சில ரூபாய்க்கு எல்லாருடைய மெம்பிரேனும் பலி. சிலிகேட் இல்லாத ஆர்கானிக் ஸ்டெபிலைசரை நிலையமே மொத்தமாக வாங்கி உறுப்பினருக்குக் கொடுப்பது நல்ல வழி.

பிளீச்சிங்குக்குப் பின் மிஞ்சும் பெராக்சைடு, நிலையத்தின் பாக்டீரியாவைக் கொல்லும். சாயத்தையும் கெடுக்கும் என்பதால் கேட்டலேஸ் என்சைம் போட்டு, டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பார்த்துவிட்டே வடியுங்கள். ஹைப்போ (ஹைப்போகுளோரைட்) பிளீச்சிங் செய்தால் வரும் குளோரின் பாலிஅமைடு மெம்பிரேனைத் தின்றுவிடும். துணிக்குப் போடும் சிலிகான் சாஃப்ட்னர், பிரிண்டிங் பைண்டர், பசை இவை மெம்பிரேனில் மெழுகுபோல் ஒட்டும். இவற்றின் மீதியைக் குழியில் ஊற்றாமல் அடுத்த லாட்டுக்குச் சேர்த்துவைப்பதே ஆலைக்கும் லாபம்.

எதை வாங்கக்கூடாது என்ற பட்டியலை நீங்களே முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. ஆடை பிராண்டுகள் 2011-ல் சேர்ந்து தொடங்கிய இசட்.டி.எச்.சி. அமைப்பு, உற்பத்தியில் தடைசெய்ய வேண்டிய ரசாயனங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. எம்.ஆர்.எஸ்.எல். என்று எல்லா பையரும் (ஆடை வாங்கும் நிறுவனங்களும்) கேட்பது அதைத்தான். அது நச்சுப் பொருட்களைத் தடுக்கும், சிலிகேட்டைத் தடுக்காது. எனவே அதை அடிப்படையாக வைத்து, உங்கள் மெம்பிரேனுக்கு ஆகாதவற்றைக் கீழே சேர்த்து, ஒரே பட்டியலாக எல்லா உறுப்பினரின் ஸ்டோரிலும் ஒட்டுங்கள்.

நிலையத்துக்குள்ளே

வழக்கமான வரிசை: வடிகட்டி, சமன்படுத்தும் தொட்டி, காரம் தணித்தல், உயிரியல் தொட்டி, தெளிவிப்பான், மணல் வடிகட்டி, அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், நிறம் நீக்கும் ரெசின் அல்லது ஓசோன், சாஃப்ட்னர், பல கட்ட ஆர்.ஓ., ரிஜெக்டுக்கு (ஆர்.ஓ.வில் ஒதுங்கும் உப்புத் தண்ணீருக்கு) ஆவியாக்கி, படிகமாக்கி. இதில் இரண்டு இடத்தில் மட்டும் நின்று பார்ப்போம்.

உயிரியல் தொட்டியில் பாக்டீரியாவுக்கு அதிக உப்பு பெரிய பிரச்சினை இல்லை, ஏறி இறங்கும் உப்புதான் பிரச்சினை. லிட்டருக்கு 7 கிராம் என்று நிலையாக வந்தால் பழகிக்கொள்ளும். காலையில் 4, மாலையில் 12 என்றால் செத்துப்போகும். சமன்படுத்தும் தொட்டி குறைந்தது 24 மணி நேரத் தண்ணீரைத் தாங்க வேண்டும், காற்று ஊதிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பம் 38 டிகிரிக்கு மேல் போகாமல் பாருங்கள். சாயக்கழிவில் நைட்ரஜனும் பாஸ்பரசும் குறைவு, பி.ஓ.டி. (மக்கும் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 100 பங்குக்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற கணக்கில் யூரியாவும் டி.ஏ.பி.யும் போட வேண்டும். தீபாவளிக்கு ஒரு வாரம் ஆலைகள் மூடும்போது பாக்டீரியா பட்டினி கிடக்கும். ஊதியை நிறுத்தாமல் குறைத்து ஓட்டி, வெல்லக் கரைசல் கொடுத்துக் காப்பாற்றுங்கள். திறந்த முதல் நாளே எல்லா ஆலையும் முழு அளவில் தண்ணீர் விட்டால் தாங்காது. மூன்று நான்கு நாளில் படிப்படியாக ஏற்றும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆர்.ஓ. மீட்பு. நாளுக்கு 1000 கிலோ லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 7 கிராம் உப்பு என்று வையுங்கள். மீட்பு 85 சதவீதம் என்றால் 850 கிலோ லிட்டர் நல்ல தண்ணீர், 150 கிலோ லிட்டர் ரிஜெக்ட். மெம்பிரேன் அழுக்கேறி மீட்பு 75 சதவீதத்துக்கு இறங்கினால் ரிஜெக்ட் 250 ஆகிறது. பத்து சதவீதம் இறங்கியதற்கு ஆவியாக்கியின் வேலை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. நான்கு கட்ட ஆவியாக்கியில் ஒரு டன் நீராவிக்கு ஏறத்தாழ மூன்று டன் தண்ணீர்தான் ஆவியாகும். அதற்கான விறகுச் செலவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் சிலிகேட் பற்றி அவ்வளவு கடுமையாகச் சொன்னது. ஆர்.ஓ.வுக்குள் போகும் தண்ணீரின் எஸ்.டி.ஐ. (மெம்பிரேனை அடைக்கும் நுண்துகள்களின் குறியீடு) 3-க்குக் கீழே இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். அது ஏறினால் மெம்பிரேனைக் கழுவுவதோடு நிற்காமல், முந்தைய இரண்டு நாளில் எந்த உறுப்பினர் குழியிலிருந்து என்ன வந்தது என்று தேடுங்கள்.

உயிரியல் சேறு, ரசாயனச் சேறு இரண்டையும் கலக்காதீர்கள். ரசாயனச் சேற்றை உலர்த்தி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியோடு சிமென்ட் ஆலைச் சூளைக்கு அனுப்பலாம்.

திரும்பி வரும் உப்பில் ஷேடு தவறாமல் இருக்க

சாய மாஸ்டர்கள் மீட்ட உப்பை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்குப் பிழை. குளிர்வித்துப் பிரித்த கிளாபர் படிகத்தில் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். 100 கிலோ படிகத்தில் சோடியம் சல்பேட் 44 கிலோதான். கடையில் வாங்கும் நீரற்ற உப்பு என்று நினைத்து அதே எடையைப் போட்டால் ஷேடு வெளிறும். உடனே பழி மீட்ட உப்பின்மேல் விழும். 48 கிலோ நீரற்ற உப்பு தேவையென்றால் படிகம் 109 கிலோ போட வேண்டும்.

பிரைனாகப் பயன்படுத்தும்போது வேறு வரம்பு இருக்கிறது. முன்பு சொன்ன 600 லிட்டர் பாத்தில், பிளீச்சிங் முடிந்த ஈரத் துணி ஏற்கெனவே 250 லிட்டரைப் பிடித்திருக்கிறது. புதிதாக விட இடமிருப்பது 350 லிட்டர்தான். லிட்டருக்கு 100 கிராம் செறிவுள்ள பிரைன் விட்டால் 35 கிலோ உப்பு. பாத்தில் 58 கிராம். வெளிர், நடுத்தர ஷேடுக்குத் தாராளம். கருப்புக்கு மேற்கொண்டு 13 கிலோ உலர் உப்பு சேர்க்க வேண்டும். சாயத்தைக் கரைக்கவும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சாயம் போடுவதற்கு முன் பிரைனின் பி.எச். 6.5-க்கும் 7-க்கும் இடையே இருக்க வேண்டும். அதில் சோடா ஆஷ் மிச்சம் இருந்தால் சாயம் பிடிக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே பிடித்துத் திட்டுத் திட்டாக வரும். கடினத்தன்மை 50 பி.பி.எம்.முக்குக் கீழ் இருக்கட்டும். ஒவ்வொரு டேங்கர் அல்லது ஒவ்வொரு நாள் பம்பிங்குக்கும் செறிவு, பி.எச்., கடினத்தன்மை எழுதிய சீட்டு நிலையத்திலிருந்து ஆலைக்கு வர வேண்டும். சீட்டு இல்லாத பிரைனை இறக்காதீர்கள்.

பில் போடுவது

எல்லாருக்கும் லிட்டருக்கு ஒரே விலை என்றால் உப்பைக் குறைக்க யாருக்கும் காரணமில்லை. டி.டி.எஸ். அளவுக்கு மட்டும் அபராதம் என்றால், போர்வெல் தண்ணீரைக் கலந்து நீர்க்கச் செய்துவிடுவார்கள். இரண்டு ஓட்டையையும் அடைக்க மூன்று பகுதிக் கட்டணம் வேண்டும். கடன் தவணை, வட்டி, சம்பளம் போன்ற நிலையான செலவு பங்கு விகிதத்தில். தண்ணீர் விட்டாலும் விடாவிட்டாலும் கட்ட வேண்டும். உயிரியல் தொட்டி, ஆர்.ஓ. மின்சாரம் போன்றவை அனுப்பிய கன அளவில். ஆவியாக்கி நீராவி, உப்புக் கையாளல் இவை அனுப்பிய உப்பின் கிலோவில்.

100 கிலோ லிட்டர் தண்ணீரை லிட்டருக்கு 5 கிராமில் அனுப்பும் ஆலை தருவது 500 கிலோ உப்பு. 9 கிராமில் அனுப்புவது 900 கிலோ. கன அளவுக் கட்டணம் இருவருக்கும் ஒன்று, உப்புக் கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பு. நீர்க்கச் செய்தால் உப்பு குறையாது, கன அளவு கூடும், பில்லும் கூடும். கண்டக்டிவிட்டி மீட்டர் காட்டுவதை வாரம் ஒருமுறை ஆய்வகத்தில் வற்றவைத்து எடைபோட்ட அளவோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் ஒவ்வொரு பில்லும் பஞ்சாயத்துதான். எல்லாருடைய எண்களையும் எல்லாரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் போடுவது பல நிலையங்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் போடுங்கள்.

ஏற்றுமதியாளர் செய்ய வேண்டியது

உப்பின் அளவை முடிவு செய்வது பாதி சாய ஆலை, பாதி ஆர்டர் கொடுப்பவர். 200 கிலோ மெஷினில் 80 கிலோ லாட் ஏற்றச் சொன்னால், மெஷின் ஓடக் குறைந்தது 1000 லிட்டர் வேண்டும் என்று வைத்தால், விகிதம் 1:12.5. லிட்டருக்கு 80 கிராம் கணக்கில் ஒரு கிலோ துணிக்கு ஒரு கிலோ உப்பு, முழு லாட்டில் அரைக் கிலோகூட ஆகாத இடத்தில். ஒரே ஷேடின் சிறிய ஆர்டர்களைச் சேர்த்து ஒரே லாட்டாகக் கொடுங்கள். லேப் டிப் (ஆய்வகச் சாய மாதிரி) ஒப்புதலை எந்த விளக்கொளியில் பார்ப்பது என்று பையரிடம் முதலிலேயே எழுதி வாங்குங்கள். அரை டோன் வித்தியாசத்துக்கு ரீ-டையிங் அனுப்பினால் உப்பும் தண்ணீரும் இன்னொரு முறை முழுதாகச் செலவாகும்.

ஜாப் ஒர்க் பில்லில் சாயக்கூலி ஒரு வரி, சுத்திகரிப்புக் கட்டணம் தனி வரி என்று பிரித்து வாங்குங்கள். கிலோ விலைக்குள் கரைந்திருந்தால் பேரத்தில் முதலில் அடிபடுவது அந்தப் பணம்தான். குறைத்துக் கொடுத்த ஆலைக்காரர் அதை எங்கேயாவது ஈடுகட்டத்தான் பார்ப்பார். வெளிர், நடுத்தரம், டார்க் என்ற மூன்றுக்கும் கிலோவுக்கு எவ்வளவு என்று நிலையமே மாதந்தோறும் அறிவிக்கட்டும். அந்த எண்ணை அப்படியே எடுத்து, ஆர்டர் பேசும்போது பையருக்குக் கொடுக்கும் காஸ்டிங் ஷீட்டில் ஒரு வரியாக வையுங்கள்.